அப்பாவின் கட்டிலில் நான் பிணமாகக் கிடந்த காலை

எனக்கு அன்பு வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் திட்டுவேன். அப்புறம்தான் மாத்திரை வாங்க ஓடுவேன். மலர் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று, அவள் முழங்காலைப் பார்ப்பதற்கு முன்னால் சைக்கிளை எட்டி உதைத்தவன் நான். (சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கால் விரல்தான் வீங்கியது.)

கவின், மலர், இந்தக் கதையை நீங்கள் இருவரும் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். அதையும் உங்கள் தாத்தா வாயால் கேட்டிருக்கிறீர்கள். தீபாவளிக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் இதைச் சொல்கிறார். நீங்கள் தரையில் புரண்டு சிரிக்கிறீர்கள். இன்று நான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை, பிழை இருக்கும். ஆனால் நடந்தது இதுதான்.

அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, ஃபேரர் பார்க்கில் ஓரறை வீட்டில் தனியாக இருந்தார். நாம் இங்கே சிங்கப்பூரின் வடகோடியில், மார்சிலிங்கில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்ப்பேன். போகும் வழியில் சிராங்கூன் ரோட்டில் சூடாக அரைத்த காப்பிப் பொடி ஒரு பொட்டலம் வாங்குவேன். மின்தூக்கியில் ஏறி, அவர் வீட்டுக்குப் போய், "மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று அதட்டிவிட்டு, பொடியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். இதைத்தான் நான் பெற்றவரைப் பார்த்துக்கொள்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு போனபோது இடது முழங்காலில் கட்டு. சந்தையில் மீன் கடை ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். விழுந்து நாலு நாள் ஆகியிருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

"நான் கத்த மாட்டேன்," என்று கத்தினேன்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். இனி இவரைத் தனியாக விடக் கூடாது. மார்சிலிங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"மாமாகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு."

"அப்போ வேணாம்னுதானே அர்த்தம்?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பத்தில் ஒரு வேலையும் நடக்காது என்பது அப்போது என் கொள்கை. வயதானவர்களுக்கு எது நல்லது என்பது அவர்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும் என்று நானும் நம்பினேன். என்னோடு வேலை செய்த அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். என் அப்பாவை அவர்களில் ஒருவரும் பார்த்தது கிடையாது.

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை மாலை அப்பாவை விருந்துக்கு மார்சிலிங் கூட்டி வருவது. "லேட்டாயிடுச்சுப்பா, இங்கேயே படுங்க" என்று தங்க வைப்பது. நான் இரவு வேலைக்குப் போய்விட்டு, காலையில் நேராக ஃபேரர் பார்க் போய் அவர் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவது. சாமான் வந்துவிட்டால் ஆளும் இருந்துதானே ஆகவேண்டும்?

சாவி மட்டும் பிரச்சினை. அப்பா எனக்கு வீட்டுச் சாவி கொடுத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை விருந்து முடிந்து அவர் கை கழுவப் போன நேரத்தில், நம் வீட்டு ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அவர் போனையும் அணைத்து அலமாரி மேல் வைத்தேன். நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான். (பெற்ற அப்பாவின் சட்டைப் பையில் கை விட்டவன், அவர் போனைப் பிடுங்கி வைத்தவன், இவனுக்கு அந்தக் காலையில் நடந்தது போதாது என்றுதான் இப்போது தோன்றுகிறது.)

சனிக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் அப்பா வீட்டு வாசலில் நின்றேன். இரும்புக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. காப்பிக் கடையில் பானம் கட்டிக் கொடுப்பார்களே, சிவப்புக் கயிறு போட்ட பை, அது. உள்ளே கறுப்பாகச் சூடான தேத்தண்ணி. யாரோ வீடு மாறிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன பொறுப்பற்ற ஜனங்கள் என்று அதற்கும் ஒரு கோபம். பையைத் தொடாமல் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டேன்.

இரண்டு பெரிய பைகளில் துணிகளை அள்ளித் திணித்தேன். எட்டு மணி நேரம் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிவிட்டு வந்த உடம்பு. வேர்த்துக் கொட்டியது. சட்டையைக் கழற்றி, அப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷம் என்று அவர் கட்டிலில் சாய்ந்தேன். சாலையில் பேருந்துச் சத்தம். கிடங்கில் வைத்துக்கொள்ளும் காதடைப்பான் பையில் இருந்தது. எடுத்து இரண்டு காதிலும் திணித்தேன். சன்னல் வெளிச்சம் கண்ணில் குத்தியது. அப்பாவின் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டேன்.

இந்த இடத்தில், எனக்கு அப்போது தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாழ்வாரத்தில் தனியாக இருப்பவர்கள் நாலு பேர். என் அப்பா. ஒரு பக்கம் கமலா அக்கா, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுபக்கம் சியூ ஆண்டி, சீனர். கடைசியில் ரஹ்மான் பாக்சிக், மலாயில் பாக்சிக் என்றால் மாமா. மலாய்க்காரர், துறைமுகத்தில் அப்பாவோடு வேலை செய்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். காலையில் யார் முதலில் கீழே போகிறாரோ அவர் நாலு பேருக்கும் பானம் வாங்கி வந்து அவரவர் கதவில் மாட்டிவிடுவார். எழுந்தவுடன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கும் பை தொங்கிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். யாரும் சொல்லிக் கொடுக்காமல், எங்கேயும் எழுதி வைக்காமல், பல வருஷமாக அவர்களே நடத்திக்கொண்டிருந்த ஏற்பாடு இது.

ஒன்பது மணிக்குப் பை தொங்கியது.

தட்டியிருக்கிறார்கள். நான்தான் காதை அடைத்துவிட்டேனே. அப்பா போனுக்கு அழைத்திருக்கிறார்கள். அதையும் நான்தான் அணைத்துவிட்டேன். சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கட்டிலில் தலையோடு கால் மூடிய ஓர் உருவம், அசைவில்லாமல்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யாரோ என் உள்ளங்காலில் தைலத்தைப் போட்டுத் தோலை உரிப்பதுபோல் தேய்க்கிறார்கள். யாரோ மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார்கள். போர்வையை இழுத்தார்கள். கண்ணைத் திறந்தேன். மூன்று முகங்கள்.

"நாட் அங்கிள்!" என்று சியூ ஆண்டி அலறியது காதடைப்பானையும் தாண்டிக் கேட்டது. "ஹூ இஸ் திஸ்?"

நான் துள்ளி எழுந்தேன். கைலி என்னோடு எழவில்லை. இதற்கு மேல் இந்தப் பகுதியை நான் எழுதப் போவதில்லை. உங்கள் தாத்தா எப்படியும் சொல்வார்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு காதிலிருந்ததைப் பிடுங்கினேன். ரஹ்மான் பாக்சிக் துணி காயப்போடும் மூங்கில் கம்பை என் மார்புக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். சன்னமான மனிதர். ஆனால் விலகவில்லை.

"மாயன் எங்கடா?" என்றார். அது என் அப்பா பெயர். "மாயன என்ன பண்ண?"

"நான் அவர் மகன்."

மூன்று பேரும் வாசலோரம் இருந்த இரண்டு பைகளைப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து அப்பாவின் சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது.

"திருட வந்தவன் எல்லாம் மகன்னுதான் சொல்வான்," என்றார் கமலா அக்கா.

"எப்படிம்மா உள்ள வந்தீங்க நீங்க? கதவ பூட்டியிருந்தேனே?"

அக்கா இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை ஆட்டிக் காட்டினார். "நாங்க நாலு பேரும் ஆளுக்கொரு சாவி வச்சிருக்கோம். நீ எப்படி வந்த, அதச் சொல்லு."

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"சரி, மகன்னா சொல்லு," என்று அக்கா கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "அண்ணனுக்கு எந்த முட்டி வலி?"

இது எனக்குத் தெரியும். "இடது. விழுந்துட்டாரு. கட்டுப் போட்டிருக்காரு."

"அது கீழ விழுந்த அடி. பத்து நாளுல ஆறிடும். வலி வலது முட்டியில, லா. எத்தன வருஷமா இருக்கு. அதுக்குத்தான் ரப்பர் வார வச்சு தினமும் காலைல உக்காந்து நீட்டி நீட்டி மடக்குறாரு." சுவரில் மாட்டியிருந்த பச்சை நிற வாரைக் காட்டினார். அதை நான் பழைய ஜன்னல் திரைக் கயிறு என்று நினைத்திருந்தேன்.

"புதன்கெழம சாயங்காலம் எங்க இருப்பாரு?"

"எங்க இருப்பாரு? வீட்டுலதான். டிவி பாத்துக்கிட்டு. தனியா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்சிக் கம்பைக் கொஞ்சம் தாழ்த்தினார். அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வாரம் மூணு நாளு எனக்கு டயாலிசிஸ்," என்றார். "புதன்கெழம மாயன்தான் கூட வந்து உக்காந்திருப்பான். நாலு மணி நேரம். பேசிக்கிட்டே இருப்பான். தூங்கவும் விட மாட்டான்."

"கடசிக் கேள்வி," என்றார் அக்கா. "காலைல என்ன குடிப்பாரு?"

அப்பாடா என்றிருந்தது எனக்கு. "காப்பி. இதுல சந்தேகமே வேணாம். மாசாமாசம் நான்தான் பொடி அரைச்சு வாங்கிட்டு வரேன்."

அக்கா அதை ஆண்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு சியூ ஆண்டியின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது.

"ஓ! கோப்பி பவுடர்!" என்று என் தோளைத் தட்டினார். "யூ த கோப்பி பவுடர் சன்! வெரி நைஸ், ஆ. தேங்க் யூ, ஆ. எவ்ரி மந்த் ஐ டிரிங்க்."

அப்பா காப்பியை விட்டுப் பல வருஷம் ஆயிற்றாம். நெஞ்செரிச்சல். தானே யோசித்து, தானே நிறுத்தி, சீனியும் பாலும் இல்லாத தேத்தண்ணிக்கு மாறியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவேன். பொடியை மூன்று வீட்டுக்கும் முறை வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆக, நான் என் அப்பாவின் மகன் என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி, என் அப்பா குடிக்காத காப்பி.

"மகன்தான்," என்று பாக்சிக் தீர்ப்புச் சொன்னார். "இவ்வளவு தப்பாச் சொல்றான்னா மகன்தான். திருடன்னா விசாரிச்சுட்டு வந்திருப்பான்."

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் போர்வையை விலக்குவதற்கு முன்பே சியூ ஆண்டி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். தூக்குக் கட்டிலோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள், ஒருத்தி தமிழ்ப் பெண். உடம்புக்கு முடியாதவர் யார் என்று கேட்டார்கள். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று நான் கத்தக் கத்த, அந்தப் பெண் பொறுமையாக என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். எண்ணைப் பார்த்ததும் இன்னொரு முறை பார்த்தாள்.

"அங்கிள், நீங்க கட்டாயம் டாக்டர பாக்கணும்," என்றாள்.

என்னை அங்கிள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். விடிந்ததும் சாவியைத் தேடியிருக்கிறார். காணோம். போனைத் தேடியிருக்கிறார். காணோம். புரிந்துவிட்டது. உங்கள் அம்மா டாக்ஸி பிடிக்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல், காலைக் கூட்டத்தில் இரண்டு ரயில் மாறி, கட்டுப் போட்ட காலோடு வந்துவிட்டார். வாசலில் நின்று, போர்வையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "ஏம்ப்பா, இந்தப் பை விஷயம், இவங்க விஷயம், ஒண்ணுகூட என்கிட்ட சொன்னதில்லயே! சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"நீ கேட்டியா?"

"எத கேக்கணும்?"

"எதையாச்சும்." அப்பா உள்ளே வந்து முதல் பையைத் திறந்தார். "மாத்திரையான்னு கேப்ப, சோறான்னு கேப்ப. பதில் சொல்றதுக்குள்ள எந்திரிச்சிடுவ. நான் என்ன பொட்டியாடா? நீ பாட்டுக்குத் தூக்கிட்டுப் போயி உன் வீட்டு மூலையில வைக்கிறதுக்கு?"

என் அப்பா அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்று அவர் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டார். ஒரு கம்பளிச் சட்டை. (சிங்கப்பூரில்.) என் கல்யாணத்துக்குப் போட்ட கழுத்துப் பட்டை. எட்டு வெள்ளை பனியன். "என் மாத்திர டப்பா எங்க? மூக்குக் கண்ணாடி? இந்த ரப்பர் வாரு? எனக்கு வேண்டியது ஒண்ணாச்சும் எடுத்து வச்சிருக்கியா நீ?"

ஒன்றுகூட இல்லை.

"நான் வர மாட்டேன்," என்றார். "ஆஸ்பத்திரில போயி படுத்தாக்கூட எந்திரிச்சு இங்கதான் வருவேன். இவனுக்கு புதன்கெழம யாரு இருக்கா? ஆண்டிக்கு பல்பு மாட்ட யாரு இருக்கா? அங்க வந்தா நான் உன் மகன் பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்ற வரைக்கும் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இங்க எனக்கு வேல இருக்குடா."

பாக்சிக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கமலா அக்கா பனியன்களை மடிக்க ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் மெதுவாகத் தூக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு, காலி பைகள் இரண்டையும் சுருட்டிக்கொண்டு, தைல வாசனையோடு மார்சிலிங்குக்கு ரயில் ஏறினேன். என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த மூன்று பேர் மேல் இல்லை. அவர்கள் ஒன்பது மணிக்கு வந்தார்கள். நான் வந்திருந்தால் அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமைதான் வந்திருப்பேன். பெரியவர்களை வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றி அவர்கள் தலைக்கு மேல் பேசுகிறோமே, அந்தப் பழக்கத்தின் மேல் கோபம். அதை நானும் பேசினேன் என்பதில் அதைவிடக் கோபம். நாளைக்கு எனக்கு வயதாகி, நீங்கள் இருவரும் என்னைக் கேட்காமல் என் துணியை மூட்டை கட்டினால், நான் தாத்தாவைப்போல் பொறுமையாக ரயில் பிடித்து வர மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் அப்பா கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை ஒட்டினார். அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று தடித்த எழுத்தில் நாலு பெயர். ஒன்று கமலா. இரண்டு ரஹ்மான். மூன்று சியூ. நாலாவது நான்.

"பெத்த மகன் நானு. நாலாவதா?" என்றேன்.

"முன்னாடி நீ கணக்குலயே இல்ல," என்றார்.

அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் எனக்கு நாலாம் நம்பர் என்று பெயர். உங்கள் அம்மா போனில்கூட அப்படித்தான் வைத்திருக்கிறாள். நான் இப்போது வாரம் ஒரு முறை போகிறேன். சில புதன்கிழமைகளில் பாக்சிக்கோடு உட்காருகிறேன். எந்த முட்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதையெல்லாம் யாரும் அந்த அட்டையில் கணக்கெடுக்கவில்லை.

போன மாதம் சியூ ஆண்டி மகள் வீட்டுக்குக் குடிபோனார். (அவரைக் கேட்டுத்தான் கூட்டிப் போனார்கள். நான் விசாரித்தேன்.) மூன்றாவது இடம் காலி. நீங்கள் இருவரும் கைதட்டினீர்கள். எனக்குப் பதவி உயர்வு என்று மலர் கேக்கே வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தோம். சியூ என்பதை அடித்துவிட்டு, அதே இடத்தில் 'பக்கத்து வீட்டு சேலம்' என்று எழுதியிருந்தது.

சேலத்திலிருந்து வேலைக்கு வந்த இன்ஜினியர். சியூ ஆண்டி வீட்டுக்குப் புதிதாக வந்தவர். பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவர் பெயர்கூட என் அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது.

"அவரு கதவ தட்டினா வருவாரு, லா," என்றார் அப்பா, கேக்கை வெட்டிக்கொண்டே. "நீ மார்சிலிங்லேர்ந்து ரயில் ஏறணும்."

முதல் துண்டு சேலத்துக்குப் போயிற்று. எனக்கு நாலாவது.